போர் போடப் போன ஊரில்

(திருச்செங்கோட்டில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நம் ஊரில் வெளிநாட்டு வேலையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது இரண்டு கேள்விகள். சம்பளம் எவ்வளவு? விசா எத்தனை வருசத்துக்கு? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கிறவரை ஒரு மனுசன் அங்கே எப்படி இருப்பான் என்று யாரும் கேட்பதில்லை. என்ன சாப்பிடுவான், யாரோடு பேசுவான், கோபம் வந்தால் என்ன செய்வான், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கே உட்கார்ந்திருப்பான்? ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடுகிற டிரில்லராகப் போய், பிறகு சைட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் தான்சானியாவின் நடுப்பகுதியில், டொடோமா, சிங்கிடா, ஷின்யாங்கா என்று சுற்றியவன் நான். அந்த அன்றாடத்தைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசுகிறேன்.

நம் திருச்செங்கோட்டின் டி.என். 34 நம்பர் போட்ட, போர் போடுகிற ரிக் வண்டியை ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் பார்த்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். ஓட்டியவர்களும் இருப்பீர்கள். 1966-67 பஞ்சத்தின்போது பீகாருக்கும் உத்தரப் பிரதேசத்துக்கும் பாறையைத் துளைக்கிற ரிக்குகளை யுனிசெஃப் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. அப்போது இந்தியாவுக்குப் புதிதாக இருந்த அந்தத் தொழில்நுட்பத்தை, மழை குறைந்த, பாறை மிகுந்த நம் வட்டாரம் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டது. இன்றைக்கு ரிக் இங்கேயே தயாராகிறது. தயாரான ரிக் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. அதை ஓட்டத் தெரிந்த ஆளும் கோவையிலோ கொச்சியிலோ விமானம் ஏறி அதன் பின்னாலேயே போகிறான்.

போகிறவனுக்கு அங்கே கல் புதிதில்லை. நம் மலைக்கு அடியில் கிடக்கிற நைஸ், சார்னோகைட் பாறைகளுக்கு ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்தில் உறவுக்காரர்கள் உண்டு. இந்தியா, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தவை. மடகாஸ்கர் நம்மை விட்டுப் பிரிந்தே சுமார் 9 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. டொடோமா கிரானைட்டில் ஹேமர் இறங்கும்போது வருகிற சத்தம் சங்ககிரியில் கேட்ட சத்தம்தான். உகாண்டாவிலோ சாம்பியாவிலோ கிராமத்துக்குள் போனால் இந்தியா மார்க் 2 கைப்பம்பு நிற்கும். அந்தப் பம்பைக் கழற்றிப் பழுது பார்ப்பதை எளிதாக்க 1983 முதல் 1988 வரை நம் கோவை வட்டாரத்துக் கிராமங்களில்தான் பெரிய அளவில் சோதனை நடந்தது. மார்க் 3 பிறந்தது அந்தச் சோதனையிலிருந்து. ஆக, கல்லும் இரும்பும் தெரிந்தவைதான். மனிதர்களைத்தான் தெரியாது. நம் ஆட்கள் தடுமாறுவதெல்லாம் அந்த இடத்தில்தான்.

ஏன் தடுமாறுகிறார்கள் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். ரிக் வண்டி ஒரு வீடு. துளைக்கிற ராடுகளை ஏற்றிக் கூடவே வரும் வண்டியில் பாயும் தலையணையும் இருக்கும், அரிசி மூட்டை இருக்கும், அடுப்பு இருக்கும், சமையல்காரர் இருப்பார். பேசுவது நம் பேச்சு, கேட்பது நம் பாட்டு. இந்தூர் பக்கம் போனாலும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்து போர் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். மூன்று மாதமோ நாலு மாதமோ கழித்து ஊருக்கு வந்துவிடுவோம் என்பதால் அது போதும். அதே பழக்கத்தோடு ஆப்பிரிக்காவில் இரண்டு வருசம் இருக்க முடியாது. இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உடம்பு இளைத்து, ஒருவரோடொருவர் சண்டை போட்டு, யாருக்கும் முகம் கொடுக்காமல், காலண்டரில் கோடு கிழித்துக்கொண்டு இருந்தார்கள்.

சாப்பாட்டிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் குழுவில் சங்ககிரிப் பக்கத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். நல்ல கைமணம். வேலை முடிந்து எந்நேரம் வந்தாலும் அரிசியும் பருப்பும் சாதம் ஆவி பறக்க இருக்கும். பருப்பு தீர்ந்துவிட்டால் மட்டும் அவருக்கு முகம் வாடிவிடும். ஊரிலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் பெட்டியில் துவரம் பருப்பு கொண்டுவரச் சொல்லுவார். நாங்கள் வேலை செய்த இடத்துக்கு வடக்கே, பாபட்டி வட்டாரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் துவரைச் செடி நிற்கிறது. அதில் பெரும்பகுதி கப்பலேறுவதே இந்தியாவுக்குத்தான். 2016-இல் பருப்பு இறக்குமதிக்காகவே பக்கத்து நாடான மொசாம்பிக்கோடு இந்தியா ஒப்பந்தம் போட்டது. நம் சாம்பாரில் கொதிப்பது பல நாள் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணின் துவரை. அதை உடைத்து, மூட்டை கட்டி, நாங்கள் விமானத்தில் திரும்ப அங்கேயே சுமந்துகொண்டிருந்தோம். சந்தையில் முழுத் துவரை கிடைக்கிறது, வாங்கி ஊறவைத்துக் கடையலாம் என்று அவருக்கு எடுத்துச் சொன்னது, குழாய் இறக்க வந்த உள்ளூர்ப் பையன் ஒருவன்.

அந்த உள்ளூர்ப் பையன்களுக்குத் தனி அடுப்பு. வெள்ளை மக்காச்சோள மாவைக் கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிண்டி உகாலி செய்வார்கள். நம் பாட்டிமார் சோளக் களி கிண்டுகிற அதே துடுப்பு, அதே கை. தொட்டுக்கொள்ள ம்சிச்சா என்று ஒரு கீரை. வேறொன்றுமில்லை, நம் தண்டுக்கீரை வகைதான். ஆனாலும் இரண்டு அடுப்புக்கும் நடுவே இருபது அடி தூரம் இருந்தது, மாதக்கணக்கில் அந்தத் தூரம் குறையவில்லை. ஒரு மழைக்காலத்தில் பாதை அறுந்து எங்கள் அரிசி தீர்ந்தது. அன்று இரவு அவர்கள் எங்களைத் தங்கள் அடுப்பண்டை கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும் ஒரு பையன் சொம்பில் வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்து, ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினான். கீழே ஏனம் பிடித்து, வரிசையாக, எங்கள் சமையல்காரருக்கும், கிளீனருக்கும், எனக்கும். அந்த ஊர்களில் எந்த வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் இந்த மரியாதை உண்டு. மறுநாள் முதல் ஒரே இடத்தில் சாப்பாடு. அரிசி வந்த பிறகும் அப்படியே தொடர்ந்தது. அந்தக் குழுவில் அதற்குப் பிறகு யாரும் இடையில் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பவில்லை. ஒன்றாகச் சாப்பிட்டதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்றுதான் நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது நேரம். தான்சானியாவில் சுவாஹிலி பேசுகிறவர்கள் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு மணி என்றால் அவர்களுக்கு ஒரு மணி. நமக்கு ஒன்பது, அவர்களுக்கு மூன்று. எத்தியோப்பியாவிலும் இதே கணக்குதான். நம் முன்னோர்களும் உதயத்திலிருந்துதான் நாழிகை எண்ணினார்கள் என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் டீசல் வண்டி மூன்று மணிக்கு வரும் என்று ஒருவர் சொல்ல, நம் ஆட்கள் மத்தியானம் மூன்று என்று நினைத்துக்கொண்டு காலையில் வேறு இடம் போய்விட்டால், வண்டி ஒன்பது மணிக்கு வந்து யாரும் இல்லாமல் திரும்பிவிடும். அன்றைய வேலை போச்சு. "இவங்களுக்கு நேரமே தெரியாது" என்று நம் ஆள் திட்டுவார். டீசல் வண்டிக்காரர் நேரத்துக்குத்தான் வந்தார். அவருடைய ஊரில், அவருடைய மணிக்கு வந்தார். போன முதல் வாரமே இந்தக் கணக்கைப் படித்துக்கொள்ளுங்கள். பேசும்போது காலையா மாலையா என்று கேட்டு, கைக்கடிகாரத்தைக் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வணக்கம் சொல்வது இன்னும் முக்கியம். நம் தொழிலில் கம்ப்ரசர் ஓடினால் டீசல் கரையும். வண்டி நின்றாலும் செலவு. அதனால் ஊருக்குள் போனதும் போர் போடும் பாயிண்ட் எங்கே என்று கேட்டு, ஜாக்கி போட்டு, வேலையைத் தொடங்கிவிடுவது நம் வழக்கம். அங்கே அப்படி முடியாது. கிராமத்தின் தலைவரைப் பார்க்க வேண்டும், பெரியவர்களைப் பார்க்க வேண்டும். எப்படி இருக்கிறீர்கள், வீட்டில் எப்படி, இரவு நன்றாகத் தூங்கினீர்களா, விவசாயம் எப்படி என்று அவர்கள் கேட்பார்கள். நாமும் கேட்க வேண்டும். வயதில் மூத்தவர்களுக்கு ஷிகமோ என்று சொல்லி வணங்க வேண்டும். அவர்கள் மரஹபா என்று ஏற்றுக்கொள்வார்கள். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசி வளர்ந்த கொங்குப் பிள்ளைகளுக்கு இது கஷ்டமே இல்லை. மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிங்கிடாவுக்குத் தெற்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு குழுக்கள் ஒரே வாரத்தில் அடுத்தடுத்த கிராமங்களில் போர் போட்டன. முதல் குழு நேராகப் போய் ரிக்கை நிறுத்தி, இரவோடு இரவாக முடித்துக் கிளம்பியது. திரும்பும் வழியில் கரிசல் மண்ணில் கம்ப்ரசர் வண்டி அச்சுவரை இறங்கிவிட்டது. கிராமத்து ஆட்கள் வந்தார்கள், நின்று பார்த்தார்கள், போனார்கள். வண்டி வெளியே வர மூன்றாம் நாள் ஆனது. இரண்டாவது குழுவின் மேனேஜர் கொக்கராயன்பேட்டைப் பக்கத்துக்காரர், அதிகம் படிக்காதவர். அவர் வேலை தொடங்கும் முன் அரை நாள் மரத்தடியில் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்தது பத்து வார்த்தை சுவாஹிலி. மீதியைச் சிரித்தே சமாளித்தார். அதே மண்ணில் அவர் வண்டியும் இறங்கியது. ஊரே மண்வெட்டியோடு வந்தது. பெண்கள் மரக்கிளை வெட்டி டயருக்கு அடியில் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் வண்டி மேடேறிவிட்டது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். நம் ரிக் வேலையில் சத்தம் அதிகம். கம்ப்ரசர் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டும், கத்திப் பேசிப் பேசிக் கெட்ட வார்த்தையும் பழகிப்போகும். இங்கே அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தான்சானியாவில் நாலு பேர் முன்னால் ஒருவரைச் சத்தம் போட்டுத் திட்டுவது அவரை அடித்ததற்குச் சமம். மெதுவாகப் பேசுகிறவரைத்தான் அங்கே மதிப்பார்கள். திட்டு வாங்கிய பையன் பதில் பேச மாட்டான். மறுநாள் வர மாட்டான். அவன் தம்பியும் வர மாட்டான்.

இன்னொன்று, அவர்கள் சோம்பேறிகள் என்று நம் ஆட்கள் சொல்லுவது. இதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். தான்சானியாவின் 2004-ஆம் வருசத்துத் தொழிலாளர் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம், நாளைக்கு 9 மணி நேரம்தான் சாதாரண வேலை. அதற்கு மேல் செய்தால் கூடுதல் கூலி. வருசத்தில் 28 நாள் சம்பளத்தோடு விடுப்பு. அந்தத் தொழிலாளிக்கு இது தெரியும். நேரம் முடிந்ததும் கை கழுவிவிட்டுப் போவான். இரவு பகலாக ராடு மாட்டிப் பழகிய நமக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. அவன் சோம்பேறி இல்லை. தன் உரிமை தெரிந்தவன். அவனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அது. மொபைலில் பணம் அனுப்புவதும் நமக்கு முன்னால் அவர்களுக்குப் பழக்கம். எம்-பெசா கென்யாவில் 2007-இலும் தான்சானியாவில் 2008-இலும் வந்துவிட்டது. நம் யு.பி.ஐ. 2016. பின்தங்கிய ஊருக்குப் போகிறோம் என்ற நினைப்பை விமானம் ஏறும் முன்னே இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள்.

சாயங்காலங்களைப் பற்றித் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தான்சானியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே வேலை முடித்துக் குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் போன் செய்தால் இங்கே பத்தரை. குழந்தை தூங்கியிருக்கும், நீங்களும் களைத்திருப்பீர்கள். "என்னோடு பேசக்கூட யாருக்கும் நேரமில்லை" என்று அவர் நினைப்பார். இந்தச் சின்ன இடைவெளியில் எத்தனையோ குடும்பங்களில் வருத்தம் விழுந்திருக்கிறது. குழந்தை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அஞ்சு நிமிசம் பேசிவிடுங்கள். வீட்டு விசேஷங்களும் அப்படித்தான். காது குத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டிய தம்பி சிங்கிடாவில் இருப்பான். அவன் பெயரில் வேறொருவர் தட்டு எடுக்கலாம். ஆனால் போனில் அவனைக் கூப்பிட்டு, தட்டு வைக்கிற நேரத்தில் அவன் முகத்தைச் சபைக்குக் காட்டுங்கள். அங்கே இருக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிசு என்று இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நம் வழக்கங்களை விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. ஆயுத பூஜைக்கு நாங்கள் ரிக்கைக் கழுவி, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினோம். கற்பூரம் ஊரிலிருந்து வந்தது. உள்நாட்டுப் பகுதி என்பதால் தேங்காய் கிடைப்பதற்கே ஒரு நாள் ஆனது. பொரி கிடைக்கவேயில்லை. இது எதற்கு என்று உள்ளூர்ப் பையன்கள் கேட்டார்கள். வருசம் முழுக்கச் சோறு போடுகிற கருவிக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்துக் கும்பிடுகிறோம் என்றேன். ஒருவன் சர்ச்சுக்குப் போகிறவன், ஒருவன் தொழுகைக்குப் போகிறவன். இருவரும் சேர்ந்து சட்டியில் மக்காச்சோளத்தைப் பொரித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த வருசம் எங்கள் ரிக்குக்கு மக்காச்சோளப் பொரிதான் படையல்.

இனிக் காகிதங்கள். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் கவனமாகக் கேளுங்கள். பத்தாவது முடிக்காதவர்கள் வேலைக்குப் போனால் அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்று இந்தியா 18 நாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. வளைகுடா நாடுகள், மலேசியா எல்லாம் அதில் உண்டு. அந்த அனுமதி வாங்கும்போது ஒப்பந்தம் பார்க்கப்படும், காப்பீடு எடுக்கப்படும். நம் ரிக்குகள் போகிற தான்சானியா, கென்யா, உகாண்டா, சாம்பியா எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. சவூதிக்குப் போகிற கொத்தனாருக்குக் கிடைக்கிற குறைந்தபட்சச் சரிபார்ப்புகூட, சிங்கிடாவுக்குப் போகிற டிரில்லருக்குக் கிடையாது. ஆகவே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யாதீர்கள். தான்சானியாவில் வேலைக்கு அனுமதிச் சீட்டும் தனி, குடியிருப்பு அனுமதியும் தனி, இரண்டும் வேண்டும். பாஸ்போர்ட்டை முதலாளியிடம் ஒப்படைக்காதீர்கள், நகல் கொடுங்கள். கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போகிறவர்கள் யெல்லோ ஃபீவர் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளைக்கு முன்னாடியே போட்டுவிட வேண்டும். அந்த அட்டை இப்போது வாழ்நாளுக்கும் செல்லும். அது இல்லாமல் திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே ஆறு நாள்வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். பிரச்சினை வந்தால் தூதரகத்துக்கு எழுதுவதோடு இந்திய அரசின் மதத் இணையதளத்திலும் புகார் பதியுங்கள். நம் மாநிலத்தில் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது, புறப்படும் முன்பே உறுப்பினராகிவிடுங்கள்.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் வண்டி முதலாளிகளிடம் பேச வேண்டும். நானும் இதே தொழில்காரனாகத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்றைக்கு நம் ரிக் வண்டியில் ராடு மாட்டுகிறவர்கள் யார்? சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பக்கத்துப் பையன்கள், ஒடிசா பையன்கள், ஜார்க்கண்ட் பையன்கள். பஸ்தர் பையனுக்கு வீட்டில் கோண்டியோ ஹல்பியோதான் மொழி. இந்தியே அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த மொழி. அவன் காட்டை விட்டு, தமிழ் பேசுகிற வண்டியில் ஏறி, கன்னடம் பேசுகிற ஊரில் இறங்குகிறான். டொடோமாவில் நமக்கு என்னென்ன நடந்ததோ அத்தனையும் அவனுக்கு நம் வண்டியில் நடக்கிறது. அவன் சாப்பாடு வேறு. அவனுக்குப் புரியாத மொழியில், நாலு பேர் முன்னால், நாம் கத்துகிறோம். அவன் ஊர்த் திருவிழா எந்த மாதம் என்று நம்மில் யாருக்கும் தெரியாது. இந்தத் தொழிலில் இளைஞர்களை ஊருக்கு அனுப்பாமல், கூலியைப் பிடித்து வைத்து, கடைசியில் அதிகாரிகள் வந்து மீட்டுப் போன செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. படிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது. பெரும்பாலான முதலாளிகள் அப்படியில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அப்படியில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. ஒப்பந்தக்காரர் மூலம் வேறு மாநிலத்திலிருந்து வருகிற தொழிலாளிக்குக் கணக்குப் புத்தகம், பயணப்படி, இடப்பெயர்வுப் படி எல்லாம் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. ரிக் வண்டியில் அந்தப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. தூசி மூக்கில் ஏறாமல் இருக்க நல்ல முகக்கவசம் கொடுக்கிற வண்டிகளையும் விரல் விட்டு எண்ணிவிடலாம். பாறைத் தூசி நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், வந்தால் குணமாகாது.

வெளிநாட்டில் நமக்கு யாரோ வெந்நீர் ஊற்றினார்கள், யாரோ மண்வெட்டியோடு வந்தார்கள், அதனால்தான் நாம் அங்கே காலூன்ற முடிந்தது. வருகிறவன் மட்டும் வளைந்து கொடுத்தால் போதாது. இருக்கிறவனும் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். திருச்செங்கோட்டில் இருக்கிறவர்கள் நாம்.

அதனால் இந்தக் கோடை சீசன் தொடங்கும் முன் மூன்று காரியங்கள் கேட்கிறேன். ஒவ்வொரு பையனிடமும் அவனுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் கூலிக் கணக்குப் புத்தகம் இருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும்போதே, அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போய்வர நாள் குறித்து, வண்டியின் நாட்குறிப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்த நாளில் பாயிண்ட் பாதியில் நின்றாலும் அவனை அனுப்ப வேண்டும். சமையல்காரரிடம் சொல்லி, இரண்டு அடுப்பு எரிகிற வண்டிகளில் அதை ஒரே அடுப்பாக்க வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வாருங்கள். மாதிரிக் கணக்குப் புத்தகத்தைத் தமிழிலும் இந்தியிலும் அச்சடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்திருக்கிறேன். வண்டிக்கு எத்தனை வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.